இரண்டு நாள் சைக்கிள் ஓட்டம்: நேரத்தைக் கூட்டுறதோ, புள்ளி போடுறதோ?

சந்திக்கடை

வணக்கம். பக்கத்துக் கழகம் ஒண்டு சித்திரை வருசத்துக்கு நடத்துற சைக்கிள் ஓட்டத்தை ஆவணிக்கு மாத்தி, இரண்டு நாள் ஓட்டமாக்கப் போகுது. முதல்நாள் கிளிநொச்சியில வெளிக்கிட்டு பரந்தன், தருமபுரம், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு. அடுத்தநாள் காலமை ஒவ்வொருத்தராய் விடுற சின்ன ஓட்டம். பின்னேரம் முல்லைத்தீவில இருந்து ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளம். நாற்பது பேர் மட்டில ஓடுவினம்.

இழுபறி முடிவு எடுக்கிற முறையில. ஒரு பகுதி மூண்டு ஓட்டத்தின்ர நேரத்தையும் கூட்டுவம் எண்டு சொல்லுது. மற்றப் பகுதி முதலாம் இடத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2, இப்படிப் போட்டு, குறைஞ்ச புள்ளிக்காரர் வெற்றி எண்டு சொல்லுது. பிரான்சில வருசாவருசம் நடக்கிற பெரிய சைக்கிள் ஓட்டமான டூர் டி பிரான்ஸே முந்தி அப்படித்தான் நடந்ததெண்டு வாதம். அது மெய்யோ? மெய்யெண்டால் ஏன் பிறகு கைவிட்டவை?

மலருக்கு ஒரு பக்க வரலாறும் எழுதவேணும். டூர் டி பிரான்ஸ் பற்றி வரைவில இருக்கிறது இது: 1903இல ஒரு பத்திரிகை தொடங்கினது, முதல் ஓட்டத்திலயே முன்னுக்கு நிக்கிறவருக்கு மஞ்சள் சட்டை குடுத்தது, லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் 7 தரம் வென்றவர். பிழையெண்டால் திருத்துங்கோ. லுமாலா மாதிரிச் சாதாரண சைக்கிளும் ரேசிங் சைக்கிளும் ஒண்டாய் ஓடலாமோ எண்டதையும் சொல்லுங்கோ.

பழைய சில்லு

மெய்தான். 1903, 1904 ஆகிய இரண்டு ஆண்டும் நேரம். 1905 முதல் 1912 வரை புள்ளி. 1913இல் மறுபடி நேரம், இன்றுவரை அதுதான். ஆனால் அவர்கள் புள்ளிக்குப் போன காரணம் உங்கள் றோட்டுக்குப் பொருந்தாது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

ஓட்டத்தைத் தொடங்கியது 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை. ஆசிரியர் ஹென்றி தெக்ராஞ்ச். யோசனை சொன்னவர் அவரிடம் வேலை செய்த ஜியோ லெஃபேவ்ர். 'லெ வேலோ' என்ற போட்டிப் பத்திரிகையை விழுத்துவதுதான் நோக்கம், விழுத்தியும் விட்டார்கள். முதல் அறிவிப்புக்கு 15 பேர்தான் பெயர் கொடுத்தார்கள். 20 பிராங்க் நுழைவுக் கட்டணத்தை 10 ஆக்கி, நாட்களைக் குறைத்து, யூலைக்குத் தள்ளிய பிறகுதான் 60 பேர் வெளிக்கிட்டார்கள். உங்கள் கழகமும் கட்டணத்தைத் தீர்மானிக்க முன் இதை ஒருக்கால் யோசிப்பது நல்லது.

1903 யூலை 1இல், பாரிசுக்குப் பக்கத்தில் மொன்ஜெரோனில் ஆரம்பம். ஆறு கட்டம் (ஆறு தனித்தனி ஓட்டம்), மொத்தம் 2,428 கிலோமீற்றர். முதற் கட்டம் மட்டும் லியோன் வரை 467 கிலோமீற்றர். அதை மொரிஸ் கராங் 17 மணி 45 நிமிடத்தில் ஓடினார். கடைசிவரை வந்தவர்கள் 21 பேர். வென்றவரும் கராங்தான். இரண்டாமவர் அவருக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் பின்னால். அந்த இடைவெளியை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

இவ்வளவு நீளமான கட்டம் இராத்திரியிலும் ஓடவேண்டி வந்தது. இருட்டில் யார் பார்ப்பது? 1904இல் சிலர் காரிலும் ரெயினிலும் ஏறினார்கள். றோட்டில் ஆணி கொட்டினார்கள். சென் எத்தியேன் பக்கத்தில், தங்கள் ஊர்க்காரன் வெல்லவேண்டும் என்று ஒரு கூட்டம் மற்ற ஓட்டக்காரரை மறித்து அடித்தது. ஓட்டம் முடிந்து நாலு மாதத்துக்குப் பிறகு பிரான்ஸ் சைக்கிள் சங்கம் விசாரித்து, கராங் உட்பட முதல் நாலு பேரையும் நீக்கியது. ஐந்தாவதாக வந்த 19 வயது ஹென்றி கோர்னே வெற்றியாளரானார். அவரைவிட இளையவர் ஒருவரும் பிறகு வெல்லவில்லை.

1905இல் கட்டங்களைச் சிறிதாக்கிப் பகலுக்குக் கொண்டுவந்தார்கள்: 11 கட்டம், 2,994 கிலோமீற்றர். அதோடு புள்ளியும் வந்தது. அன்றைய ஓட்டக்காரர் பத்து நிமிடம், அரை மணி என்று சிதறித்தான் வருவார்கள். ஆணி குத்தி ஒருவர் ஒரு மணித்தியாலம் இழந்தாலும், புள்ளிக் கணக்கில் பத்து இடம்தான் பின்னுக்குப் போவார், ஓட்டம் கெடாது. மணிக்கூட்டுச் சண்டையும் இல்லை. வந்த ஒழுங்கை எழுதினால் போதும்.

அதன் கோளாறும் அதிலேயே இருந்தது. அரை மணி முந்தினாலும் 1 புள்ளி, அரைச் சில்லு முந்தினாலும் 1 புள்ளி என்றால், தனியே முறித்துக்கொண்டு ஓடுவதில் என்ன பயன்? 1912இல் ஓடில் டெஃப்ரே 49 புள்ளியில் வென்றார். இரண்டாமவர் யூஜின் கிறிஸ்தோஃப்புக்கு 108. கிறிஸ்தோஃப் மலைகளில் முந்திச் சேர்த்த நேரம் எதற்கும் உதவவில்லை. அடுத்த ஆண்டே புள்ளி போய்விட்டது.

இனி உங்கள் பாதை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை ஒரு மேடும் கிடையாது. 40 பேரில் 25 பேர் ஒரே கூட்டமாகத்தான் வருவார்கள். காற்றுப் போய் ஒருவர் 3 நிமிடம் இழந்தால், நேரக் கணக்கில் இழப்பு 3 நிமிடம், அவ்வளவுதான். புள்ளிக் கணக்கில் அவர் 26ஆம் இடம். மற்ற இரண்டு ஓட்டத்தையும் வென்றாலும் 28 புள்ளி. மூன்றிலும் ஐந்தாவதாக வந்தவருக்கு 15. அங்கே ஆணி குத்தியவரைக் காப்பாற்றிய முறை இங்கே அவரைத்தான் கவிழ்க்கும்.

அதைவிட மோசம், புள்ளி முறையில் 15ஆம் இடத்துக்கும் 16ஆம் இடத்துக்கும் வித்தியாசம் உண்டு. எனவே 25 பேரும் கடைசி 200 மீற்றரை ஒரே றோட்டில் இடிபட்டு ஓடுவார்கள். கூட்டத்துக்கு ஒரே நேரம் என்று விதி வைத்தால், வெல்லும் எண்ணம் இல்லாதவர்கள் தாங்களாகவே பின்னுக்கு நிற்பார்கள். நேரத்தை எடுங்கள்.

மலர்த் திருத்தம்: மஞ்சள் சட்டை 1903இல் இல்லை. 1919 யூலை 19இல் கிரெனோபிளில் முதலில் போட்டவர் மேலே சொன்ன அதே கிறிஸ்தோஃப். லோட்டோ மஞ்சள் தாளில் அச்சானது, அந்த நிறம். ஆம்ஸ்ட்ரோங்கின் 1999–2005 வெற்றிகள் ஏழும் 2012இல் பறிக்கப்பட்டன. அந்த ஏழு ஆண்டுக்கும் வெற்றியாளர் இடம் வெறுமைதான். புள்ளிப் பரிசுக்கான பச்சைச் சட்டை 1953, மலையேற்றத்துக்கான சிவப்புப் புள்ளிச் சட்டை 1975. உலகப் போர்களால் 1915–18, 1940–46 ஓடவில்லை. ஒரு பக்கத்துக்கு இது காணும்.

வெள்ளைக்கோடு

நேரம் எண்டு முடிவெடுத்தால் அடுத்த சண்டை எல்லைக்கோட்டில வரும். அதுக்கு இப்பவே ஆயத்தம் செய்யுங்கோ.

கோடு: 72 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வெள்ளை, நடுவில 4 சென்ரிமீற்றர் கறுப்பு. முன் ரயர் அந்தக் கறுப்பின்ர முன்விளிம்பைத் தொடுறதுதான் கணக்கு. சுண்ணாம்புத்தூள் போடவேண்டாம். முதல் பஸ் போகவே அழிஞ்சிடும்.

போனை முக்காலியில கட்டி, கோட்டுக்கு நேரே, அதே கோட்டின்ர நீட்சியில வையுங்கோ. ஒரு பக்கம் சரிஞ்சால் கிட்ட வந்தவர்தான் முந்தினவர் மாதிரித் தெரிவார். செக்கனுக்கு 30 படம் எடுக்கிற வீடியோ போதாது. 45 கிலோமீற்றர் வேகத்தில ஒரு செக்கனுக்கு 12.5 மீற்றர் ஓடும்; ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில 42 சென்ரிமீற்றர், அரைச் சில்லுக்கும் கூட! 240 படம் எடுக்கிற 'ஸ்லோ மோஷன்' எண்டால் 5 சென்ரிமீற்றர்தான். அந்த முறையில நினைவகம் கெதியாய் நிரம்பும். முன்வாகனம் தெரிஞ்ச பிறகு அமத்தினால் போதும். இரண்டாவது போன் ஒண்டு சாதாரண வீடியோவில இலக்கங்களைப் பிடிக்கவேணும், ஒராள் சத்தமாய் இலக்கத்தை வாசிக்க. அந்தக் குரல் பதிவு பிறகு பெரிய உதவி.

நேரம் குடுக்கிற விதி: முன் கூட்டத்தின்ர கடைசிப் பின்சில்லுக்கும் அடுத்தவரின்ர முன்சில்லுக்கும் இடையில 1 செக்கன் அல்லது கூட இருந்தால் புது நேரம். இல்லையெண்டால் எல்லாருக்கும் கூட்டத்தில முதல் வந்தவரின்ர நேரம். 40 கிலோமீற்றர் வேகத்தில 1 செக்கன் எண்டது 11 மீற்றர். டூர் டி பிரான்ஸில சமதரைக் கட்டங்களுக்கு இதை 3 செக்கனாக்கி இருக்கினம். உங்களுக்கும் 3 நல்லம். கடைசி 3 கிலோமீற்றருக்குள்ள விழுந்தாலோ காற்றுப் போனாலோ, அப்ப எந்தக் கூட்டத்தில நிண்டவரோ அந்த நேரத்தைக் குடுங்கோ. அதுக்கு 3 கிலோமீற்றர்ப் பலகையில ஒரு நடுவர் நிக்கவேணும்.

மணிக்கூடு: கிளிநொச்சியில அமத்தின மணிக்கூட்டையே காரில முல்லைத்தீவுக்குக் கொண்டுபோங்கோ. இரண்டு போன் நேரத்தை ஒப்பிட்டு மண்டையை உடைக்கவேண்டாம். எல்லாரும் ஒண்டாய் வெளிக்கிடுற ஓட்டத்தில மணிக்கூடு 2 செக்கன் பிந்தினாலும் எல்லாருக்கும் அதே 2 செக்கன்தான், இடைவெளி மாறாது.

இப்படிச் செய்தால் 20 பேர் ஒரே நேரத்தில நிப்பினம் எண்டு புள்ளிப் பகுதி கேக்கும். நியாயமான கேள்வி. இரண்டு கூட்ட ஓட்டத்திலயும் முதல் மூண்டு பேருக்கு 10, 6, 4 செக்கன் கழியுங்கோ. இடைவெளியைத் தனி ஓட்டம் தரும். 10 கிலோமீற்றர் காணும்: முள்ளியவளைப் பக்கம் 5 போய்த் திரும்பி வரலாம். ஒரு நிமிசத்துக்கு ஒராள், முதல்நாள் கடைசியாய் வந்தவர் முதல். நாற்பதாவது ஆள் வெளிக்கிட்டு 20 நிமிசத்தில முடிஞ்சிடும், மொத்தம் ஒரு மணித்தியாலம். திரும்புற இடத்தில கூம்பு வைச்சு இலக்கம் எழுத ஒராள் நிக்கவேணும், இல்லாட்டி 4.5இல திரும்புற வித்துவான்களும் இருக்கினம். முன்னுக்குப் போறவரை எட்டிப் பிடிச்சால் 2 மீற்றர் விலத்திக் கடக்கவேணும். பிடிபட்டவர் 25 மீற்றர் பின்னுக்கு நிக்கவேணும், ஒட்டிக்கொண்டு வரேலாது.

டூர் டி பிரான்ஸில தனி ஓட்டம் 1934இல வந்தது. 1989இல பாரிசில நடந்த கடைசி 24.5 கிலோமீற்றர்த் தனி ஓட்டத்தில கிரெக் லெமொண்ட் மொத்த நேரத்தில 50 செக்கன் முன்னுக்கு நிண்ட லோரன் ஃபின்யோனைவிட 58 செக்கன் கெதியாய் ஓடி, அவரை 8 செக்கனால வென்றவர். மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல ஓடி 8 செக்கன்!

அப்படியும் சமமாய் வந்தால் தனி ஓட்டத்தின்ர செக்கன் பின்னத்தைப் பாருங்கோ. அதுவும் சமமெண்டால் மூண்டு ஓட்டத்திலயும் எடுத்த இடங்களைக் கூட்டுங்கோ, குறைஞ்சவர் வெற்றி. சர்வதேச விதியும் இதுதான். புள்ளிக்காரருக்கும் ஒரு இடம் கிடைச்ச மாதிரி இருக்கும்.

கிறீஸ்கை

லுமாலாவும் ரேசிங்கும் ஒண்டாய் வேண்டாம். கணக்கைப் பாருங்கோ. 28 அங்குலச் சில்லு, முன்னுக்கு 48 பல்லு, பின்னுக்கு 18 எண்டால் ஒரு மிதிக்கு 5.96 மீற்றர். நிமிசத்துக்கு 80 மிதிச்சால் 28.6 கிலோமீற்றர் வேகம். பின் பல்லை 16 ஆக்கினால் 32. ரேசிங் சைக்கிள்காரர் பின்காற்றில 40ஐத் தாண்டுவினம். அரை மணியில கூட்டம் இரண்டாய் உடைஞ்சு, இரண்டு கூட்டத்துக்கும் வாகனம், பொலிஸ் எல்லாம் பிரிக்கவேண்டி வரும்.

இரண்டு பிரிவு வையுங்கோ. சாதாரணப் பிரிவுக்குப் பல்லு எண்ணிக்கையை அறிவித்தலிலயே போட்டு, காலமை பரிசோதிக்கவேணும். முந்தினநாள் இரவு பின் பல்லை மாத்திக்கொண்டு வாறது சுகமான வேலை, பத்து நிமிசம் காணும். டூர் டி பிரான்ஸிலயும் இந்தத் தலையிடி இருந்தது. 1929இல சுகமில்லாத மொரிஸ் தெ வாலேயை அவரின்ர கொம்பனி அணி தள்ளிக் கொண்டுபோய் வெல்ல வைச்சது. தெக்ராஞ்ச் கடுப்பாகி, 1930இல கொம்பனி அணிகளை விலத்தி நாட்டு அணிகளாக்கி, எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சைக்கிள் குடுத்தார். செலவைச் சமாளிக்க, ஓட்டத்துக்கு முன்னால விளம்பர வண்டிகளை விட்டுக் காசு எடுத்தார். கியர் மாத்துற பொறியை 1937 வரைக்கும் அனுமதிக்கவே இல்லை.

பரிசோதனையில பார்க்கிறதுகள். கிராங்கைப் பிடிக்கிற கொட்டர் பின்: பெடலை மேலும் கீழும் ஆட்ட 'டக்' எண்டால் தளர்வு. 50 கிலோமீற்றர் தாங்காது, பின்னின்ர தட்டைப் பக்கம் தேய்ஞ்சு கிராங் சறுக்கும். நட்டை மட்டும் இறுக்கிப் பிரயோசனமில்லை. பின்னை அடிச்சு இருத்தி, பிறகுதான் நட். செயின்: நடுவில விரலால அமத்த 1 முதல் 1.5 சென்ரிமீற்றர் ஆடவேணும். கூட ஆடினால் எழும்பி மிதிக்கேக்க கழரும், ஆட்டமே இல்லாட்டி பின் அச்சு இழுபட்டுச் சில்லு சரியும். வால்வுக்குள்ள போற றப்பர்க் குழாய் வெக்கைக்கு வெடிக்கும். ஓட்டத்துக்கு முதல்நாள் புதுசு போட்டு, மிச்சத் துண்டு ஒண்டை ஒவ்வொருத்தரும் சட்டைப் பையில வைச்சிருக்கவேணும். ஸ்ராண்ட், கரியர், கூடை, டைனமோ எல்லாம் கழட்டவேணும். ஹாண்டில் குழாய் இரண்டு முனையும் அடைச்சிருக்கவேணும். திறந்த குழாய் விழுகையில வயித்தைக் குத்தும். ஹெல்மெட் இல்லாட்டி இலக்கமே குடுக்காதேங்கோ. பெரிய ஓட்டங்களிலயே 2003இல்தான் அது கட்டாயமானது, அதுவும் பாரிஸ்–நீஸ் ஓட்டத்தில அந்திரே கிவிலெவ் விழுந்து இறந்த பிறகு.

வெளி உதவி பற்றியும் ஒரு வரி எழுதிவையுங்கோ. 1913இல தூர்மலே மலையில கிறிஸ்தோஃப்பின்ர முன்சில்லைப் பிடிக்கிற கவர் (போர்க்) முறிஞ்சது. சைக்கிளைத் தோளில போட்டுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல இறங்கி, கொல்லன் பட்டறையில தானே காய்ச்சி ஒட்டினவர். துருத்தியை ஒரு பெடியன் ஊதினதுக்கு நேரத் தண்டம் போட்டவை! அந்தக் கொடுமை வேண்டாம். பின்வாகனத்தில இரண்டு பின்சில்லு, இரண்டு முன்சில்லு, பம்பு, 15 நம்பர் சாவி வைச்சு, கேட்டவைக்கெல்லாம் பொதுவாய்க் குடுங்கோ. சொந்த மோட்டார்சைக்கிள்ல ஆள் வைச்சு உதவுறதை மட்டும் தடுத்தால் காணும்.

சந்திக்கடை

நன்றி. நேரம் எண்டே வைப்பம். காற்று, மாடு, றோட்டு பற்றி ஆரும் சொல்லுவியளோ? ஆவணியில சோளகம் நல்லா வீசும்.

மாங்குளம் சந்தி

சோளகம் தென்மேற்கிலிருந்து வரும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு கிழக்கு–தென்கிழக்காகப் போகிறது, ஆகவே காற்று வலப்பக்கத்தால் அடிக்கும். ஓடுபவர்கள் ஒருவருக்குப் பின் ஒருவர் நிற்காமல், இடப்பக்கம் சரிந்து விசிறிபோல் விரிவார்கள். அப்போதுதான் காற்று மறையும். நமக்கு ஓட இடப்பக்கப் பாதி றோட்டுத்தான். விசிறியில் ஆறு ஏழு பேருக்குத்தான் இடம், எட்டாவது ஆள் கிரவலுக்குள் இறங்குவார். அல்லது முன்னால் நிற்பவர் வெள்ளைக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போவார். இரண்டாவதுதான் ஆபத்து. நடுக்கோட்டைத் தாண்டினால் முதல்தரம் 20 செக்கன் தண்டம், இரண்டாம் தரம் நீக்கம் என்று எழுதி, மோட்டார்சைக்கிளில் ஒரு நடுவரை விடுங்கள். தருமபுரம், விசுவமடு தாண்டி மரம் இல்லாத வயல் வெளிகளில்தான் கூட்டம் முறியும்.

மாங்குளம் ஓட்டம் நேர் எதிர்காற்று. ஒருவரும் தனியே போகமாட்டார்கள், 20–22 கிலோமீற்றர் வேகத்தில் கூட்டமாக வருவார்கள். நேர அட்டவணையை அதற்கேற்ப வையுங்கள்: ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்கு இரண்டரை மணித்தியாலம். காலையில் தனி ஓட்டம் ஓடிய கால்கள் என்பதையும், பின்னேரம்தான் காற்று உரக்கும் என்பதையும் மறக்காதீர்கள். முடிந்தால் மாங்குளம் ஓட்டத்தைக் காலைக்கும் தனி ஓட்டத்தைப் பின்னேரத்துக்கும் மாற்றுங்கள். ஆனால் விடிய 6.30க்கு முன் வெளிக்கிடவேண்டாம். ஒட்டுசுட்டான் பக்கக் காட்டுத் துண்டுகளில் யானை கடக்கும். முன்வாகனம் பத்து நிமிடம் முந்திப் போய்த் தகவல் சொல்லவேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வரை ஏ9இல் போட்டியாக விடாதீர்கள். வாகனத்துக்குப் பின்னால் மெதுவாகக் கூட்டிப்போய், பரந்தன் சந்தியால் திரும்பி ஏ35இல் ஒரு கிலோமீற்றர் தாண்டிய பிறகு கொடியை இறக்குங்கள். டூர் டி பிரான்ஸிலும் நகரத்துக்குள் இப்படித்தான் போவார்கள். மாங்குளத்திலும் எல்லைக்கோடு சந்திக்கு ஒரு கிலோமீற்றர் முன்னாலேயே இருக்கட்டும். கோட்டைத் தாண்டி நிற்க 150 மீற்றராவது வெறும் றோட்டு வேண்டும். ஆட்கள் பரிசுக்கு அங்கே குவிவார்கள், கயிறு கட்டுங்கள்.

ஆவணி என்றால் சிறுபோக அறுவடை. றோட்டோரம் நெல் காயப் போட்டிருப்பார்கள், பாதி றோட்டு வரைக்கும் வரும். நெல்லின்மேல் பிரேக் பிடித்தால் சில்லு நிற்காது, வழுக்கும். ஒரு கிழமைக்கு முன் கிராம அலுவலர் மூலமும் கமக்கார அமைப்புகள் மூலமும் சொல்லி, அந்த இரண்டு நாளும் எடுக்கச் செய்யவேண்டும். வெட்டு மெசினும் உழவு மெசினும் அந்த நேரத்தில் ஏறாமல் இருக்கவும் அவர்களிடமே கேளுங்கள். கட்டாக்காலி மாடுகளுக்கு அறிவித்தல் உதவாது: முன்வாகனத்தில் தடியோடு இரண்டு பேர், கோர்ன் அடிக்காமல். கோர்னுக்கு மாடு றோட்டின் குறுக்கேதான் ஓடும்.

தண்ணீர்: மணித்தியாலத்துக்கு ஒருவருக்கு 500 முதல் 750 மில்லிலீற்றர். புதுக்குடியிருப்புக்கு முன் நேரான றோட்டில் 300 மீற்றர் நீளத்துக்கு, இடப்பக்கம் மட்டும், பத்து மீற்றருக்கு ஒருவராக நின்று கொடுக்கவேண்டும். போத்தலைக் கழுத்தில் பிடித்து, அடிப்பக்கத்தை ஓடுபவர் பிடிக்கும்படி நீட்டி, அவரோடு இரண்டு அடி ஓடவேண்டும். அசையாமல் நின்று நீட்டினால் போத்தல் தெறித்துப் பின்னால் வருபவரின் சில்லுக்குள் போகும்.

பிந்துபவர்களை ஏற்றக் கடைசியில் ஒரு வாகனம் வரவேண்டும். 1910இல் பிரெனே மலைகளுக்குப் போனபோது டூர் டி பிரான்ஸில் இது வந்தது, இன்னும் இருக்கிறது. முதலாமவரின் நேரத்தைவிட 25 வீதம் பிந்தினால் ஏற்றிவிடுங்கள். 1 மணி 40 நிமிடத்தில் முதலாமவர் வந்தால் எல்லை 2 மணி 5 நிமிடம். அதற்குமேல் பொலிஸ் றோட்டை மறித்து வைக்காது. ஏற்றும்போது இலக்கத்தைக் கழற்றி வாங்கவேண்டும். இல்லாவிட்டால் கோட்டுக்குக் கிட்ட இறங்கித் திரும்ப ஓடி வருவார்கள்.

பாதையில் எங்காவது புகையிரதக் கடவை வந்தால் ஒரே விதிதான்: கதவு இறங்கத் தொடங்கினாலோ மணி அடித்தாலோ கடப்பவர் நீக்கம். 2006 பாரிஸ்–ரூபே சைக்கிள் ஓட்டத்தில் மூடிய கடவையைத் தாண்டிய மூன்று பேரை, இரண்டாம் இடத்துக்கு வந்தவர் உட்பட, ஓட்டம் முடிந்த பின் நீக்கினார்கள். முன்னால் போனவர்கள் கடவையில் மறிபட்டு, கதவு திறக்கமுன் கூட்டம் வந்து சேர்ந்தால், 30 செக்கனுக்கு மேல் இடைவெளி இருந்திருந்தால் மட்டும் அதே இடைவெளியோடு திரும்ப விடலாம். அதற்கு மோட்டார்சைக்கிள் நடுவர் ஐந்து கிலோமீற்றருக்கு ஒருக்கால் இடைவெளியை எழுதி வைத்திருக்கவேண்டும்.